செலவு, விலை, கட்டணம்: ஆங்கிலச் சொற்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களையும் கணக்கறிக்கைகளையும் திருத்தித் தருவது என் வேலை. என்னிடம் வருவோர் வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் பணம் கைமாறும் வரிக்கு வந்ததும் ஏறத்தாழ எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்த விடையைப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கிறேன்.

"செலவு" என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

ஒரே சொல் இல்லை என்பதுதான் நேரான விடை. தமிழில் 'செலவு' என்ற ஒன்றே பணத்தைச் செலவழிக்கும் செயலையும், ஒரு காரியத்துக்கு ஆகும் தொகையையும், கணக்கேட்டில் எழுதப்படும் இனத்தையும், ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும் மொத்தத்தையும் குறித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையை நான்கு சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. செலவழிக்கும் செயல் 'ஸ்பெண்ட்'. ஒன்றைப் பெறவோ செய்யவோ ஆகும் தொகை 'காஸ்ட்'. நடைமுறையில் கையை விட்டுப் போகும் செலவினம் 'எக்ஸ்பென்ஸ்'. ஒரு நிறுவனமோ அரசோ குறிப்பிட்ட காலத்தில் செலவிட்ட மொத்தம் 'எக்ஸ்பெண்டிச்சர்'.

எந்தச் சொல்லை எடுப்பது என்பதைத் தொகையின் அளவு தீர்மானிப்பதில்லை. பணத்தை யார் பக்கம் நின்று பார்க்கிறோம், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் குழப்பங்களில் பாதி தானாகவே தெளிந்துவிடும் என்பது என் அனுபவம்.

பிரைஸ், காஸ்ட் இரண்டும் ஒன்றுதானே? ஏன் இரண்டு சொல்?

ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். தச்சர் மரம், ஆணி, மெருகு, கூலி ஆகியவற்றுக்குக் கொடுத்த தொகை அவருடைய காஸ்ட். நாற்காலியில் அவர் ஒட்டிவைக்கும் எண் பிரைஸ். அந்த எண்ணைக் கொடுத்து நாற்காலியை வாங்கும் அலுவலகத்துக்கு அதே தொகை மறுபடியும் காஸ்ட் ஆகிவிடுகிறது. எண் மாறவில்லை, பார்ப்பவர் நிற்கும் பக்கம் மாறியதால் சொல் மாறியது. விற்பவர் கேட்பது பிரைஸ், ஒருவர் கொடுத்துத் தீர வேண்டியது காஸ்ட்.

இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் பிறக்கின்றன. முதலாவது, 'விலைப்பட்டியல்' எப்போதும் 'பிரைஸ் லிஸ்ட்'தான். 'காஸ்ட் லிஸ்ட்' என்று எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பினால், உங்கள் அடக்கச் செலவுகளையே அனுப்பிவிட்டதாகப் பொருள்படும். இரண்டாவது, ஈடாக ஒரு பொருள் இல்லாமல் ஒரு பணி முழுவதுக்கும் ஆகும் தொகையைச் சொல்லும்போது காஸ்ட் மட்டுமே பொருந்தும். கட்டடம் கட்டுவதற்கும், பயணம் மேற்கொள்வதற்கும், ஒரு வழக்கை நடத்துவதற்கும் காஸ்ட் உண்டு, பிரைஸ் இல்லை. அடக்க விலையை 'காஸ்ட் பிரைஸ்' என்பார்கள். இரண்டு சொற்களும் கைகோத்து நிற்கும் அரிய இடம் அது.

ஸ்பெண்டுக்குப் பிறகு 'ஃபார்' போட வேண்டுமா, 'ஆன்' போட வேண்டுமா?

'ஆன்' போட வேண்டும். நாம் 'புத்தகத்துக்குச் செலவழித்தேன்' என்கிறோம். அந்த 'கு' உருபு மனத்தில் நிற்பதால் கை தானாகவே 'ஃபார்' என்று எழுதிவிடுகிறது. நான் திருத்தும் தாள்களில் மிக அதிகமாக வரும் பிழை இதுவே. 'ஐ ஸ்பெண்ட் எ லாட் ஆன் புக்ஸ்' என்பதே இயல்பான வழக்கு.

'பே' என்ற வினைக்குத்தான் 'ஃபார்' உரியது. அங்கும் எப்போதும் வராது. எதைத் தீர்க்கிறோமோ அது நேராக வரும்: பில்லைப் பே செய்கிறோம், ஃபீயைப் பே செய்கிறோம், ஓட்டுநரைப் பே செய்கிறோம். எதைப் பெறுகிறோமோ அதற்குமுன் மட்டும் 'ஃபார்' வரும்: 'ஐ பெய்ட் ஃபார் த புக்'. 'ஐ பெய்ட் த புக்' என்று எழுதினால் புத்தகத்தின் கையில் பணத்தைக் கொடுத்ததாக ஆகிவிடும். இந்தச் சொல்லின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது: சமாதானப்படுத்துதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. பணம் பெற வேண்டியவரைச் சமாதானப்படுத்துவதுதான் பே. அதனால் அந்த ஆள் நேராக வருகிறார், வாங்கிய பொருள் 'ஃபார்' பின்னால் வருகிறது.

"இட் காஸ்டட் மீ" என்று எழுதியதைத் திருத்திவிட்டீர்கள். இறந்த காலத்துக்கு 'எட்' சேர்க்க வேண்டாமா?

வேண்டாம். காஸ்ட் என்ற வினை நிகழ்காலத்திலும் இறந்த காலத்திலும் எச்ச வடிவத்திலும் அப்படியேதான் இருக்கும். 'இட் காஸ்ட் மீ எ லாட்' என்பது நேற்றைய செலவு. 'இட் காஸ்ட்ஸ் எ லாட்' என்பது இன்றைய நிலை. 'காஸ்டட்' என்ற வடிவம் இல்லாமல் இல்லை. ஒரு திட்டத்துக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிக் கணக்கிட்டுத் தொகை குறிப்பதைக் காஸ்ட் செய்தல் என்பார்கள், அந்தப் பொருளில் மட்டும் 'த பிராஜெக்ட் வாஸ் காஸ்டட்' என்று எழுதலாம்.

இந்த வினைக்கு இன்னொரு குணமும் உண்டு. பொருள்தான் எழுவாய், செலவழித்த மனிதர் செயப்படுபொருளின் இடத்தில் நிற்பார். இது நமக்கு அந்நியமானதல்ல. 'எனக்கு நிறையச் செலவானது' என்று சொல்லும்போது நாமும் மனிதரை எழுவாய் ஆக்காமல் நான்காம் வேற்றுமையில்தான் நிறுத்துகிறோம். ஆகவே 'செலவழித்தேன்' என்று தமிழில் நினைத்தால் ஸ்பெண்ட், 'செலவானது' என்று நினைத்தால் காஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தவறாது. 'ஐ காஸ்ட்' என்று தொடங்கினால் உங்களை வாங்க ஆகும் விலையைச் சொல்லத் தொடங்கியதாகிவிடும்.

'காஸ்ட்லி பிரைஸ்', 'சீப் பிரைஸ்' இவற்றில் என்ன தவறு?

விலை உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். பொருள்தான் விலையுயர்ந்ததாகவோ மலிவாகவோ இருக்கும். தமிழிலும் 'மலிவான நாற்காலி', 'விலை குறைவு' என்று பிரித்துத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பிரைஸுக்கு 'ஹை', 'லோ'. பொருளுக்கு 'எக்ஸ்பென்ஸிவ்', 'சீப்'. காஸ்டுக்கும் ஃபீக்கும் ரென்டுக்கும் இதே விதிதான்.

இரண்டு எச்சரிக்கைகள். 'சீப்' என்ற சொல்லில் மலிவோடு மட்டம் என்ற நிழலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் அணிந்திருப்பதைப் பார்த்து சீப் என்றால் அவர் மனம் புண்படும். பாராட்டாகச் சொல்ல 'இன்எக்ஸ்பென்ஸிவ்' அல்லது 'ரீசனபிள்' உள்ளன. 'காஸ்ட்லி' நம் பேச்சில் வெகு சாதாரணமாகப் புழங்கினாலும், ஆங்கில எழுத்தில் அது இழப்பு அல்லது தொல்லை விளைவித்த ஒன்றுக்கே அதிகம் வருகிறது. தாமதம் காஸ்ட்லி ஆகலாம், பிழை காஸ்ட்லி ஆகலாம். கைக்கடிகாரத்துக்கு எக்ஸ்பென்ஸிவ் என்பதே பொருத்தம்.

ஃபீ, ஃபேர், சார்ஜ், டோல் எல்லாமே கட்டணம்தானே? எதற்கு எது?

தமிழின் 'கட்டணம்' மிகப் பரந்த சொல். அதனால்தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது கால் இடறுகிறது. முதல் விடையில் சொன்ன இரண்டாவது கேள்வி, அதாவது பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பது, இங்கேதான் முழுமையாகப் பயன்படும். ஒருவருடைய தொழிலறிவுக்கோ, ஒரு நிறுவனத்தில் சேர்வதற்கும் நுழைவதற்குமான உரிமைக்கோ கொடுப்பது ஃபீ: வழக்கறிஞர், மருத்துவர், பள்ளி, தேர்வு, உறுப்பினர் சேர்க்கை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். செய்து தரப்பட்ட ஒரு சேவைக்காகக் கணக்கில் ஏற்றப்படுவது சார்ஜ்: பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும், வங்கிச் சேவைகளுக்கும் வருவது. பயணி ஏறிச் செல்வதற்குக் கொடுப்பது ஃபேர். சரக்கு ஏறிச் சென்றால் அது 'ஃப்ரைட்'. சாலையையோ பாலத்தையோ கடப்பதற்கு டோல். இடத்தைப் பயன்படுத்த ரென்ட். காப்பீட்டுக்கு 'பிரீமியம்'. அஞ்சலுக்கு 'போஸ்டேஜ்'. விதியை மீறியதற்கு 'ஃபைன்'. அதில் ஈடாக எதுவும் கிடைப்பதில்லை.

ஃபேர் என்ற சொல்லின் முன்கதை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் பயணம் போதல் என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து அது வந்தது. விடைபெறும்போது சொல்லும் 'ஃபேர்வெல்' என்பதில் 'நன்றாகப் போய் வா' என்ற அந்தப் பழம்பொருள் இன்றும் இருக்கிறது. நம் 'செலவு'ம் அப்படித்தான். 'செல்' என்ற வினையில் பிறந்த அதற்கு முதற்பொருள் பயணமே. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் துயரைக் கண்டு பயணத்தை நிறுத்திவைப்பதை அகப்பாடல் மரபு 'செலவழுங்குதல்' என்று சொல்கிறது. போவதைக் குறித்த சொல் பணத்துக்கு மாறியது இரு மொழிகளிலும் நடந்திருக்கிறது. வரவு வருவது, செலவு செல்வது என்று நினைத்தால் நம் கணக்கேட்டின் தலைப்பே அழகாகத் தெரிகிறது.

'டேரிஃப்' பற்றியும் கேட்கிறார்கள். அரபு மொழியில் அறிவித்தல் என்ற பொருளில் தொடங்கி இத்தாலிய வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. ஆகவே தனி ஒரு கட்டணத்தைவிட, அறிவிக்கப்பட்ட கட்டண விகிதங்களின் அட்டவணைக்கே அது பொருந்தும். இறக்குமதித் தீர்வைக்கும் அதே சொல்தான்.

எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பென்ஸஸ், எக்ஸ்பெண்டிச்சர்: எதை எங்கே எழுதுவது?

ஒருமையில் எக்ஸ்பென்ஸ் என்பது பொதுவான செலவு அல்லது ஒரு தனிச் செலவினம். பன்மையில் எக்ஸ்பென்ஸஸ் என்று எழுதும்போது, வேலை நிமித்தம் நாம் செய்து பின்னர் நிறுவனத்திடம் திரும்பப் பெறும் செலவுகள் என்ற குறிப்பான பொருள் அலுவலக ஆங்கிலத்தில் சேர்ந்துகொள்கிறது. எக்ஸ்பெண்டிச்சர் எழுத்து வழக்குக்கு உரியது. அரசு நிதிநிலை அறிக்கையிலும் ஆண்டறிக்கையிலும் கம்பீரமாக இருக்கும், வீட்டுச் செலவைச் சொல்லும்போது கனத்துத் தோன்றும்.

இப்போது 'டோட்டல் ஸ்பெண்ட்' என்று ஸ்பெண்டையே பெயர்ச்சொல்லாக எழுதுவது வணிக வட்டாரத்தில், குறிப்பாக விளம்பரத் துறையில், நிலைத்துவிட்டது. அந்தத் துறைக்குள் அது பிழையில்லை. பொது வாசகருக்கு எழுதும்போது 'ஸ்பெண்டிங்' என்பதே நன்று. ஸ்பெண்ட், எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பெண்டிச்சர் மூன்றும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. அதன் பொருள் நிறுத்துக் கொடுத்தல். உலோகத்தை எடைபோட்டுப் பணமாகக் கொடுத்த காலத்தின் சுவடு அது.

பில், இன்வாய்ஸ், ரிசீட், எஸ்டிமேட் எல்லாம் குழம்புகிறது.

காலவரிசையில் அடுக்கினால் குழப்பம் தீரும். வேலை தொடங்கும்முன் 'ஏறத்தாழ இவ்வளவு ஆகும்' என்று சொல்வது எஸ்டிமேட். அது கூடலாம், குறையலாம். 'இந்தத் தொகைக்குச் செய்து தருகிறேன்' என்று உறுதியாகச் சொல்வது 'கோட்டேஷன்'. மறுதரப்பு அதை ஏற்றுக்கொண்டபின் பொதுவாக அந்தத் தொகையிலேயே நிற்க வேண்டும். வேலை முடிந்தபின், என்னென்ன கொடுத்தோம், எவ்வளவு வர வேண்டும் என்று இனவாரியாக எழுதி அனுப்புவது இன்வாய்ஸ். பணம் கிடைத்தபின் கொடுப்பது ரிசீட்.

பில்லும் இன்வாய்ஸும் தொகை கேட்கும் தாள்கள்தான். அனுப்புபவர் அதை இன்வாய்ஸ் என்றும், செலுத்த வேண்டியவர் பில் என்றும் சொல்வது வழக்கம். மறுபடியும் யார் பக்கம் என்ற கேள்விதான். அமெரிக்க ஆங்கிலத்தில் பில் என்பது பணத்தாளையும் குறிக்கும், உணவகத்தில் தரும் பில்லை அங்கே 'செக்' என்பார்கள். பணம் இன்னும் வராத நிலையில் 'ரிசீட் அனுப்புகிறேன்' என்று எழுதுவதுதான் இங்கே மிகவும் ஆபத்தான பிழை; வராத பணத்தை வந்ததாக நாமே எழுத்தில் ஒப்புக்கொள்வதாகிவிடும்.

ரீஃபண்டுக்கும் ரீஇம்பர்ஸ்மென்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் பணம் திரும்புவதுதானே?

திரும்புவது உண்மை, யாரிடமிருந்து திரும்புகிறது என்பதில் வேறுபாடு இருக்கிறது. நாம் யாரிடம் கொடுத்தோமோ அவரே திருப்பித் தந்தால் ரீஃபண்ட். நாம் ஒருவருக்காக வேறொருவரிடம் செலவழித்து, அந்தத் தொகையை யாருக்காகச் செலவழித்தோமோ அவரிடமிருந்து பெற்றால் ரீஇம்பர்ஸ்மென்ட். பணப்பை என்ற பொருளுள்ள சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது: காலியான பையில் மீண்டும் போடுதல்.

ஒருவர் பயிற்சிக்காக வெளியூர் போய்வந்து, தம் நிறுவனத்துக்கு 'ப்ளீஸ் ரீஃபண்ட் மை டிராவல் எக்ஸ்பென்ஸஸ்' என்று மூன்று வரிக் கடிதம் எழுதினார். பயணம் ரத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொண்ட கணக்குப் பிரிவு, ரத்துச் சான்றைக் கேட்டுப் பதில் அனுப்பியது. போகாத பயணத்துக்கல்ல, போய்வந்த பயணத்துக்குத்தான் கேட்கிறேன் என்று அவர் விளக்கி எழுதிய பிறகே கோப்பு நகர்ந்தது. அந்தக் கடிதத்தில் நான் மாற்றியது ஒரே ஒரு சொல்லைத்தான்.

டிஸ்கவுண்ட், ரிபேட், கன்செஷன்?

பணம் கொடுக்கும்போதே குறைத்துக்கொள்வது டிஸ்கவுண்ட். முழுத் தொகையைக் கொடுத்தபின் ஒரு பகுதி திரும்பி வருவது ரிபேட். மாணவர், முதியோர் போன்ற ஒரு பிரிவினருக்கு அவர்களுடைய நிலையைக் கருதிக் குறைப்பது கன்செஷன்.

"ஃப்ரீ ஆஃப் காஸ்ட்" என்று எழுதுவது சரியா?

இலவசம் என்பதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட தொடர் 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்'. 'ஃப்ரீ ஆஃப் காஸ்ட்' தெற்காசிய ஆங்கிலத்தில் மிகவும் பரவியிருக்கிறது. நம்மவருக்கு எழுதும்போது யாரும் தடுமாற மாட்டார்கள். ஆனாலும் இரண்டாவது விடையை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்: இலவசமாகக் கொடுப்பவருக்குக் காஸ்ட் இருந்தே தீரும், அவர் நம்மிடம் கேட்காமல் விடுவது சார்ஜை மட்டும்தான். நான் எப்போதும் சார்ஜ் என்றே திருத்துகிறேன்.

'அஃபோர்ட்' என்பதைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

அகராதியைப் பார்த்து 'வாங்கும் சக்தி' என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை வாக்கியத்தில் வைக்கத் திணறுகிறார்கள். நம்மிடம் அதற்கு நேரான சொல் இருக்கிறது: கட்டுப்படியாதல். 'அந்த வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது' என்பதே 'ஐ காண்ட் அஃபோர்ட் தட் ரென்ட்'. தமிழில் வாடகை எழுவாய், ஆங்கிலத்தில் மனிதர் எழுவாய் என்ற ஒரு திருப்பம் மட்டுமே தேவை. இது காஸ்டுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள்.

அஃபோர்ட் தனியாக வருவது அரிது. 'கேன்', 'குட்', 'ஏபிள் டு' போன்ற ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டே வரும். பணத்தைத் தாண்டியும் பயன்படும்: 'வீ காண்ட் அஃபோர்ட் டு வெயிட்' என்றால் காத்திருந்தால் நமக்குக் கேடு என்று பொருள்.

'பிரைஸ்லெஸ்' என்றால் விலை இல்லாதது, அதாவது பயனற்றது என்று எழுதிவிட்டேன். எப்படி எதிர்மாறாகப் போகிறது?

தமிழும் இதையே செய்கிறது. 'விலைமதிப்பற்ற' என்றால் விலை சொல்லி முடியாத உயர்வு. 'மதிப்பற்ற' என்றால் ஒன்றுக்கும் ஆகாதது. இரண்டிலும் 'அற்ற' இருந்தும் பொருள் எதிரெதிராக நிற்பதுபோலவே 'பிரைஸ்லெஸ்' உச்சியிலும் 'வர்த்லெஸ்' அடியிலும் நிற்கின்றன. 'வேல்யூலெஸ்' வர்த்லெஸின் பக்கம். 'இன்வேல்யுவபிள்' எதிர்மறை போலத் தோன்றினாலும் மிகவும் மதிப்புள்ளது என்றுதான் பொருள். ஒருவர் செய்த உதவி, கொடுத்த அறிவுரை போன்றவற்றுக்கு அது பொருந்தும்.

'வர்த்' தனியாக வரும்போது அடுத்து 'டு' வராது. 'வர்த் டு பை' என்று பலர் எழுதுகிறார்கள். 'வர்த் பையிங்' என்பதே சரி. வாங்கலாம், கொடுத்த பணத்துக்குத் தகும் என்ற நம் 'தகும்' அதற்கு ஏறத்தாழ ஈடாகும்.

சிக்கனக்காரர் என்று பாராட்ட நினைத்து 'மைசர்' என்று எழுதிவிட்டேன். எந்தச் சொல் பாராட்டு, எந்தச் சொல் வசை?

'மைசர்' கஞ்சன், பணத்தைச் சேர்ப்பதற்காகவே சேர்ப்பவர். 'ஸ்டிஞ்சி'யும் கஞ்சத்தனம்தான், பிறருக்குக் கொடுக்க மனம் வராத குணம். பாராட்டுக்கு உரியது 'த்ரிஃப்டி': பணத்தை வீணாக்காமல் திட்டமிட்டு நடத்துபவர். 'ஃப்ரூகல்' என்பது குறைந்த தேவைகளோடு எளிமையாக வாழ்வதைச் சொல்வது. பெரும்பாலும் மரியாதையான சொல்லே. எதிர்ப்பக்கத்தில், 'ஜெனரஸ்' தாராளம், 'எக்ஸ்ட்ராவகண்ட்' ஊதாரித்தனம், 'ஸ்க்வாண்டர்' வாரி இறைத்து வீணாக்குதல். எப்போதோ ஒருமுறை ஆசைப்பட்டுக் கைநிறையச் செலவழிப்பது 'ஸ்ப்ளர்ஜ்'. அதில் கண்டனம் குறைவு, மகிழ்ச்சி அதிகம்.

சிக்கனமான பொருளுக்கு 'எகனாமிகல்'. 'எகனாமிக்' என்பது பொருளாதாரம் சார்ந்தது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் வண்டி எகனாமிக் ஆகாது.

காஸ்ட் என்று சொன்னால் சாதி என்று புரிந்துகொள்கிறார்கள். எப்படி உச்சரிப்பது?

இது தமிழ் எழுத்தால் வரும் சிக்கல். செலவைக் குறிக்கும் சொல், சாதியைக் குறிக்கும் சொல், நடிகர் பட்டாளத்தைக் குறிக்கும் சொல் மூன்றையும் நாம் 'காஸ்ட்' என்றே எழுதுகிறோம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் செலவுக்குரியதில் உயிர் குறில். உதடுகளைச் சற்றுக் குவித்து, 'கொ'வுக்கும் 'க'வுக்கும் இடைப்பட்ட ஒலியாகச் சட்டென்று முடிக்க வேண்டும். மற்ற இரண்டிலும் வாயை அகலத் திறந்த நெடில் 'ஆ'. குவித்து நீட்டிவிட்டால் 'கோஸ்ட்' ஆகிக் கடற்கரைக்குப் போய்விடும்.

'ரிசீட்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'ப்' உண்டு, ஒலியில் இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்பதில் 'ப்' போன்ற ஓர் எழுத்து நடுவில் ஊமையாக இருக்கிறது. பயணக் கட்டணமான ஃபேரும் நியாயத்தைக் குறிக்கும் ஃபேரும் ஒலியில் ஒன்றே. எழுத்தில் கவனம் வேண்டும்.

"யானை விலை குதிரை விலை" என்பதை எப்படிச் சொல்வது?

அப்படியே மொழிபெயர்த்தால் விலங்குச் சந்தை என்று நினைப்பார்கள். ஆங்கிலத்தில் 'இட் காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்பார்கள். நியாயமற்ற தொகையைக் கொடுக்க நேர்ந்தது என்பதற்கு 'பே த்ரூ த நோஸ்'. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்ற கோபம் இருந்தால் 'ரிப்-ஆஃப்'. 'கையைக் கடிக்காது' என்பதற்கு 'இட் வோண்ட் பிரேக் த பேங்க்'. இவையெல்லாம் பேச்சுக்கும் நட்பான மடலுக்கும் உரியவை; அலுவலகக் கடிதத்தில் 'எக்ஸெஸிவ்' என்ற ஒரு சொல் போதும்.

கணக்காளர் "இது காஸ்ட், ஆனால் எக்ஸ்பென்ஸ் இல்லை" என்கிறார். பணம் போய்விட்டதே, எப்படி?

கணக்கியலில் இவ்விரண்டு சொற்களும் அன்றாட வழக்கைவிட இறுக்கமாக வரையறுக்கப்பட்டவை. ஒரு இயந்திரத்தை வாங்கக் கொடுத்த தொகை அதன் காஸ்ட். பணம் போனாலும் இயந்திரம் சொத்தாக நிற்பதால் அன்றே அது முழுவதும் எக்ஸ்பென்ஸ் ஆவதில்லை. இயந்திரம் உழைக்கும் ஆண்டுகளில் தேய்மானமாகச் சிறிது சிறிதாக எக்ஸ்பென்ஸ் பக்கம் நகரும். பயன் தீர்ந்த பகுதிதான் எக்ஸ்பென்ஸ் என்று கொள்ளலாம். மின்சாரம் அந்த மாதத்திலேயே பயன்பட்டுத் தீர்வதால் உடனே எக்ஸ்பென்ஸ் ஆகிறது.

இதே வட்டாரத்தில் வரும் சொற்கள் சில. உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாதது 'ஃபிக்ஸட் காஸ்ட்'. உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்குவது 'வேரியபிள் காஸ்ட்'. எந்த ஒரு பொருளின் கணக்கிலும் நேராகச் சேர்க்க முடியாத அலுவலக வாடகை போன்றவை 'ஓவர்ஹெட்'. இனி எப்படியும் மீட்க முடியாத பழைய செலவு 'சங்க் காஸ்ட்'. மூழ்கிய செலவு என்பதே அதன் நேர்ப்பொருள், அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்காகவே அதற்குத் தனிப் பெயர். 'ஆப்பர்சூனிட்டி காஸ்ட்' கையிலிருந்து போன பணமே அல்ல; ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட நேர்ந்த அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு. ஒரு மாலை முழுவதும் இலவச நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அது உண்டு.

'அட் காஸ்ட்', 'அட் எ காஸ்ட்', 'அட் ஆல் காஸ்ட்ஸ்': ஒரு சிறு சொல்லில் இவ்வளவு மாறுமா?

மாறும். 'அட் காஸ்ட்' என்றால் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே விற்பது. 'அட் எ காஸ்ட்' என்றால் கிடைத்தது உண்மைதான், ஆனால் அதற்காக எதையோ இழந்தோம் என்று பொருள். 'அட் ஆல் காஸ்ட்ஸ்' என்றால் என்ன ஆனாலும் சரி, எப்பாடு பட்டாவது. 'அட் த காஸ்ட் ஆஃப்' என்றால் குறிப்பிட்ட ஒன்றைப் பலிகொடுத்து. உடல்நலத்தைப் பலிகொடுத்து வேலையை முடித்தோம் என்பதுபோல.

'அட் மை எக்ஸ்பென்ஸ்' இரண்டு பொருள் தரும். என் செலவில் விருந்து நடந்தது என்றும் ஆகலாம், என்னைக் கேலிப்பொருளாக்கிச் சிரித்தார்கள் என்றும் ஆகலாம். எது என்பதைப் பக்கத்தில் நிற்கும் வினை காட்டிவிடும்: 'டைன்ட்' என்றால் பணம், 'லாஃப்ட்' என்றால் கேலி. அலுவலகக் கடிதத்தில் 'என் சொந்தச் செலவில்' என்று ஐயமறச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்து 'அட் மை ஓன் எக்ஸ்பென்ஸ்' என்று எழுதுங்கள்.